கேப் அனாலிசிஸ்: இடைவெளியா, விடுபாடா?

வாக்காளர் பட்டியலில் பெயர் இல்லையென்றால் 'விடுபட்டுவிட்டது' என்கிறோம், 'இடைவெளி விழுந்துவிட்டது' என்பதில்லை. எந்த இனம் காப்பகங்களுக்குள் வராமல் நிற்கிறது என்று வரைபடங்களைப் பொருத்திப் பார்ப்பதற்கு உயிரினப் பாதுகாப்பில் 'கேப் அனாலிசிஸ்' (gap analysis) என்று பெயர். அதற்குத் தமிழ் தேடும்போது இந்த வேறுபாடு முக்கியம்.

'கேப்' பழைய நோர்ஸ் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனது. வாய் பிளப்பதைக் குறிக்கும் 'காப்பா' என்ற வினையின் உறவு. ஆங்கிலத்தில் முதலில் மதிலிலும் வேலியிலும் விழுந்த உடைப்பையே குறித்தது. ஆக, மூலப் பொருள் தூரமல்ல, வேலிப் பொத்தல்.

உயிரினப் பாதுகாப்பில் கேப் அனாலிசிஸை ஒரு முறையாக வளர்த்தவர் அமெரிக்கச் சூழலியலாளர் ஜே. மைக்கேல் ஸ்காட். ஹவாய் தீவில் அழியும் நிலையிலிருந்த காட்டுப் பறவைகளின் பரவல் வரைபடங்களைக் காப்பக எல்லைகளோடு பொருத்திப் பார்த்தபோது, பறவைகள் செறிந்திருந்த இடம் ஒருபுறம், காப்பகம் மறுபுறம் என்றிருந்தது. 1985-இல் மௌனா கியா மலையின் கிழக்குச் சரிவில் ஹக்கலாவ் வனக் காப்பகம் உருவானதற்கு இந்த வேலையும் ஒரு காரணம். பின்னர் இது அமெரிக்கா முழுமைக்குமான திட்டமாக விரிந்தது.

வேலைக்கு மூன்று வரைபட அடுக்குகள் வேண்டும்: தாவர வகை, ஒவ்வோர் இனத்தின் பரவல், நிலத்தின் காப்பு நிலை. கடைசி அடுக்கில் அமெரிக்கத் திட்டம் 1 முதல் 4 வரை தரம் தருகிறது. 1, 2 மட்டுமே காப்பாகக் கணக்கில் வரும். மரம் வெட்டவும் சுரங்கம் தோண்டவும் இடமுள்ள அரசுக் காடு 3. காப்புக்கான கட்டுப்பாடு எதுவும் இருப்பதாகத் தெரியாதது 4. 'அரசு நிலம்தானே' என்று 3-ஐயும் சேர்த்துவிட்டால், பொத்தலே இல்லாத வேலி கணினித் திரையில் கிடைத்துவிடும்.

பிழைகள் பெரும்பாலும் சின்ன இடத்தில்தான் நுழைகின்றன. காப்பக எல்லைகள் ஒன்றின்மேல் ஒன்று கிடக்கும். முதுமலை ஒரே நேரத்தில் புலிகள் காப்பகம், நீலகிரி உயிர்க்கோளக் காப்பகத்தின் பகுதியும்கூட. எல்லைகளை முதலில் ஒன்றாகக் கரைக்காமல் வெட்டிக் கூட்டினால் ஒரே நிலம் இருமுறை எண்ணப்படும். காப்பு 100 விழுக்காட்டைத் தாண்டினால்தான் பலருக்கு அது கண்ணில் படுகிறது. பரப்பை டிகிரிக் கணக்கில் அளப்பது இன்னொரு தவறு. 60 டிகிரி அட்சத்தில் ஒரு தீர்க்க டிகிரியின் அகலம் நிலநடுக்கோட்டில் உள்ளதில் பாதிதான். சமபரப்பு வீழலுக்கு, அதாவது உருண்டையைத் தட்டையாக்கும்போதும் பரப்பு மாறாத வரைபட முறைக்கு, மாற்றிய பிறகே அளக்க வேண்டும்.

வரைபடத்தில் தனியாகக் காட்டப்படும் மிகச் சிறிய பரப்பையும் கவனிக்க வேண்டும். தொடக்ககால அமெரிக்க வரைபடங்களில் அது 100 ஹெக்டேர். 60 மீட்டர் அகலத்தில் 5 கிலோமீட்டர் ஓடும் ஓடைக்கரைக் காடு வெறும் 30 ஹெக்டேர். அது பக்கத்துப் புல்வெளியில் கரைந்துபோகும், அங்கே வாழும் தவளையும் சேர்ந்தே. இதற்கு நேர்மாறான பிழை இன்னும் ஆபத்தானது. வாழிடம் பொருந்துகிறது என்று, விலங்கே இல்லாத காப்பகத்தில் அது இருப்பதாகக் காட்டிவிட்டால் அந்த இனம் 'காக்கப்பட்டது' பட்டியலுக்குப் போய்விடும். அப்புறம் யாரும் அதைத் தேடமாட்டார்கள். எதை முதலில் காப்பது என்ற முன்னுரிமைப் பட்டியலை இறுதியாக்கும் முன் களத்தில் போய்ப் பார்ப்பது இதற்காகத்தான்.

இனி, சொல். 'இடைவெளிப் பகுப்பாய்வு' என்பது நேர்ப் பெயர்ப்பு, ஆனால் குழப்பும். காடுகளைப் பற்றிப் பேசும்போது 'இடைவெளி' என்றால் இரண்டு காடுகளுக்கு நடுவே கிடக்கும் வெற்று நிலமும் யானை வழித்தடமும்தான் மனத்தில் வரும். அது துண்டாடல், வேறு பிரச்சினை. இங்கே தேடுவது காப்பு வலையில் எது விடுபட்டது என்பதை. எனவே 'காப்பு விடுபாட்டாய்வு', சுருக்கமாக 'விடுபாட்டாய்வு' பொருந்தும். விடுபாடு என்பதற்கு விடுதலை என்ற பொருளும் உண்டு என்பதால் முதல்முறை 'காப்பு' என்ற அடையோடு எழுதுவது நல்லது. 'பகுப்பு' தேவையில்லை, இங்கே எதையும் பகுக்கவில்லை, அடுக்கித்தான் பார்க்கிறோம்.

எந்தக் காப்பகத்துக்குள்ளும் வராத இனம் 'விடுபட்ட இனம்'. காப்பகத்துக்குள் இருந்தும் வைத்த இலக்கை எட்டாதது 'பகுதி விடுபாடு'. 10 விழுக்காடு இலக்கென்றால், 4 விழுக்காடு மட்டும் உள்ளே இருப்பது இரண்டாவது வகை.