அடி வாங்கிய அணிக்கே பந்து: கேலிக் கால்பந்தில் கிக்அவுட் இயங்கும் விதம்

அயர்லாந்தின் கேலிக் கால்பந்தில் பந்து குறுக்குக் கம்பத்துக்கு மேலே பறந்து போனதும், கோல் கம்பத்தின் அருகே வெள்ளை மேலங்கியுடன் நிற்கும் உதவி நடுவர் ஒரு வெள்ளைக் கொடியை எடுத்து உயர்த்துகிறார். அது ஒரு புள்ளி. புள்ளி எடுத்த கவுண்டியின் (நம் மாவட்டம் போன்ற பகுதி) ரசிகர்கள் எழுந்து நின்று ஆர்ப்பரிப்பார்கள். அந்த ஆரவாரம் அடங்குவதற்கு முன்பே, புள்ளியைக் கொடுத்த அணியின் கோல்கீப்பர் பந்தைத் தரையில் வைத்து உதைத்திருப்பார். கிக்அவுட் என்று அழைக்கப்படும் இந்த உதையைப் பல தலைமுறைகளாக யாரும் பொருட்படுத்தியதில்லை. ஆட்டத்தை மீண்டும் தொடங்கிவைக்கும் சடங்காகவே அதைக் கருதினார்கள். இன்று பெரிய ஆட்டங்களில் வெற்றி தோல்வி தீர்மானமாகும் இடங்களில் இதற்கே முதலிடம் தருவேன்.

ஆட்டத்தைப் பார்த்திராதவர்களுக்குச் சில அடிப்படைகளைச் சொல்ல வேண்டும். அணிக்கு 15 பேர். களத்தின் நீளம் 130 முதல் 145 மீட்டர், அகலம் 80 முதல் 90 மீட்டர். கோல் கம்பங்கள் ஆங்கில ‘எச்’ எழுத்தின் வடிவில் இருக்கும். குறுக்குக் கம்பத்துக்குக் கீழே வலைக்குள் போனால் கோல், அதற்கு 3 புள்ளி; மேலே போனால் பொதுவாக 1 புள்ளி. பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடலாம், ஆனால் நான்கு காலடிக்கு மேல் போக வேண்டுமானால் அதைத் தரையில் தட்ட வேண்டும், அல்லது பாதத்தில் போட்டுத் திரும்பக் கைக்கு எடுக்க வேண்டும். ஆஃப்சைடு விதி கிடையாது. கவுண்டி அணிகளின் ஆட்டம் 70 நிமிடம் நடக்கும். ஆடுகிறவர்கள் எவருக்கும் சம்பளம் இல்லை. ஆசிரியர்களும் விவசாயிகளும் மாணவர்களும் தங்கள் கவுண்டிக்காக ஆடுகிறார்கள். ஸ்கோரை ‘2-14’ என்று எழுதினால் 2 கோல், 14 புள்ளி, ஆக மொத்தம் 20 என்று படிக்க வேண்டும்.

புள்ளிகள் அடிக்கடி விழுவதால் கிக்அவுட்டும் அடிக்கடி வரும். கவுண்டிகளுக்கிடையே நடக்கும் அகில அயர்லாந்துப் போட்டியின் 2016 அரையிறுதியில் டப்ளின் 0-22 என்றும் கெர்ரி 2-14 என்றும் முடித்தன. அந்த ஒரே ஆட்டத்தில் 38 முறை ஸ்கோர் மாறியது, ஏறக்குறைய அத்தனை முறையும் ஒரு கிக்அவுட் எடுக்கப்பட்டது. கோலைத் தொடாமல் வெளியே போன பந்துகளுக்கும் கிக்அவுட் உண்டு என்பதால் உண்மையான எண்ணிக்கை இன்னும் கூடுதல்.

அடி வாங்கிய அணிக்கே பந்து என்ற இந்த விதி, கூரைமேல் இருக்கும் தண்ணீர்த் தொட்டியின் மிதவையைப் போல வேலை செய்கிறது. நீர்மட்டம் இறங்கினால் மிதவை குழாயைத் திறந்துவிடும். ஒரு அணி பின்தங்கினால் விதி அதன் கையில் பந்தைக் கொடுக்கும். இரு அணிகளும் மாறி மாறிப் பந்தைப் பெறுவதால் ஸ்கோர் ஒரே பக்கமாகச் சாய்ந்துவிடாமல் ஓரளவு சமநிலையில் நிற்கிறது. ஆனால் எதிரணி அந்தக் கிக்அவுட்டையே பறிக்கத் தொடங்கிவிட்டால் இந்தப் பொறி முழுவதும் தலைகீழாகிவிடும். புள்ளி எடுத்தவரே பந்தையும் எடுத்து மீண்டும் புள்ளி எடுக்கிறார், மீண்டும் பந்தை எடுக்கிறார். தோற்றுக்கொண்டிருக்கும் அணி பந்தைத் தொடாமலே பத்து நிமிடம் கழிந்துவிடலாம். பொறியியலில் விலகலைக் குறைக்கும் எதிர்ப் பின்னூட்டம் என்றும் அதைப் பெருக்கும் நேர்ப் பின்னூட்டம் என்றும் பிரித்துச் சொல்லப்படும் இரண்டும் இந்த ஒரே உதைக்குள் அடங்கியிருக்கின்றன. எது இயங்கும் என்பதைப் பந்து யார் கையில் விழுகிறது என்பதே முடிவு செய்கிறது.

பழைய காலத்தில் கோல்கீப்பரோ தடுப்பாட்டக்காரரோ நடுக்களத்தை நோக்கி ஓங்கி உதைப்பார். அங்கே இரு அணியின் உயரமான ஆட்டக்காரர்களும் எம்பிக் குதிப்பார்கள், பிடித்தவர் கையில் பந்து. 1959இல் கெர்ரியின் தலைவராக இருந்த மிக் ஓ’கானல் இப்படி வானில் பந்து பிடிப்பதில் பெயர் பெற்றவர். பார்க்க அழகான காட்சிதான், ஆனால் அணியின் கண்ணோட்டத்தில் அது பாதிக்குப் பாதி சூதாட்டம். விதி தன் கையில் கொடுத்த பந்தை ஒருவர் ஏன் ஆகாயத்தில் எறிந்து ஏலம் விட வேண்டும்?

இந்தக் கேள்விக்கு மிகத் தெளிவான விடை கண்டவர் டப்ளினின் கோல்கீப்பர் ஸ்டீபன் கிளக்ஸ்டன். 2001இல் அணிக்கு வந்த இவர் தொழிலால் பள்ளி ஆசிரியர். இவருடைய உதையின் சிறப்பு அதன் தூரத்தில் இல்லை, தட்டையான பாதையில் இருந்தது. அதன் கணக்கைப் பார்ப்போம். 50 மீட்டர் தொலைவில் விழ வேண்டிய பந்தை 45 பாகைக் கோணத்தில் உதைத்தால், காற்றின் தடையைக் கணக்கில் எடுக்காதபோது, அது நொடிக்கு 22 மீட்டர் வேகத்தில் கிளம்பி 12 மீட்டருக்கு மேல் உயர்ந்து சுமார் 3.2 நொடியில் இறங்கும். அதே தொலைவுக்கு 25 பாகையில் உதைத்தால் நொடிக்கு 25 மீட்டருக்குச் சற்று அதிகமான வேகம் தேவைப்படும், ஆனால் பந்து 6 மீட்டர்கூட உயராமல் சுமார் 2.2 நொடியில் சேர்ந்துவிடும். மிச்சமாவது ஒரு நொடி. முழு வேகத்தில் ஓடும் ஆட்டக்காரர் ஒரு நொடியில் ஏறக்குறைய 7 மீட்டர் கடப்பார். உயரமாக உதைத்த பந்துக்கு ஏழு மீட்டர் தள்ளி நிற்கும் எதிராளியும் வந்து சேர்ந்துவிடுவார், தட்டையாக உதைத்த பந்துக்கு அவரால் வர முடியாது. பந்தும் இதற்கு ஒத்துழைக்கிறது. 480 முதல் 500 கிராம் எடையுள்ள இது வழக்கமான கால்பந்தைவிடக் கனமானது, அளவில் ஏறக்குறைய அதே. எனவே காற்று அதன் வேகத்தைச் சற்றுக் குறைவாகவே தின்கிறது.

வேகமான உதைக்கு இன்னொரு காரணமும் உண்டு. டப்ளின் நகரின் குரோக் பார்க் அரங்கில் 82,300 பேர் கூடலாம். அதன் ஒரு முனையில் ஹில் 16 என்ற, நின்று பார்க்கும் படிக்கட்டுத் திடல் டப்ளின் ரசிகர்களின் கோட்டை. மற்ற இடங்களில் இரு கவுண்டியின் ரசிகர்களும் பிரிக்கப்படாமல் தோளோடு தோள் உட்கார்ந்திருப்பார்கள். இவ்வளவு கூட்டத்தின் இரைச்சலில் 50 மீட்டர் தள்ளி நிற்பவரைக் கூப்பிட முடியாது. ஆகவே யார் எந்தப் பக்கம் ஓடுவது, எந்த ஓட்டம் எதிராளியை இழுத்துச் செல்லும் பொய் ஓட்டம், எந்த வெற்றிடத்தில் பந்து விழும் என்பதெல்லாம் பயிற்சியிலேயே முடிவாகியிருக்க வேண்டும். அரங்கில் உட்கார்ந்து பார்க்கிறவர் கவனிக்க வேண்டியது கோல்கீப்பரின் காலை அல்ல. அவர் பந்தை வைக்கக் குனியும்போது நடுக்களத்தில் மூன்று நான்கு பேர் ஒரே நேரத்தில் வெவ்வேறு திசையில் வெட்டி ஓடுவதை. பந்து போகும் இடத்தில் உதைக்கும் நொடியில் பெரும்பாலும் ஆளே இருக்க மாட்டார். தொலைக்காட்சிக் காமிரா அப்போது புள்ளி எடுத்தவரின் முகத்தைக் காட்டிக்கொண்டிருக்கும். நேரில் போகிறவருக்குக் கிடைக்கும் இந்தப் பாதி ஆட்டம் வீட்டில் பார்ப்பவருக்குக் கிடைப்பதில்லை.

இந்த முறை தவறும்போது அதற்கான விலையும் பெரிது. 2014 இறுதி ஆட்டத்தில் டோனிகாலின் கோல்கீப்பர் பால் டர்க்கன் அருகிலிருந்த சக ஆட்டக்காரருக்கு அனுப்ப நினைத்த குறுகிய கிக்அவுட், கெர்ரியின் கீரன் டோனகியின் கையில் போய் விழுந்தது. அவர் நேராக அதைக் கோலாக்கினார். ஆட்டம் 2-9க்கு 0-12 என்று முடிந்தது. வித்தியாசம் மூன்று புள்ளி, அதாவது அந்த ஒரு கோலின் மதிப்பு. கிளக்ஸ்டனும் தப்பவில்லை. மேலே சொன்ன 2016 அரையிறுதியில் இடைவேளைக்கு முன் கெர்ரி தன் ஆட்டக்காரர்களை முன்னுக்குத் தள்ளி அவருடைய கிக்அவுட்டுகளை நெருக்கியது. பின்தங்கியிருந்த அணி இரண்டு கோலோடு முன்னேறி, இடைவேளையில் 2-8க்கு 0-9 என்று நின்றது. டப்ளின் மீண்டு வந்து இரண்டு புள்ளியில் வென்றதென்றாலும், நெருக்கினால் கிடைக்கும் பலனை எல்லாக் கவுண்டிகளும் அன்று பார்த்தன.

ஆயினும் பெரும்பாலான அணிகள் அந்தத் துணிச்சலைக் காட்டவில்லை. குறுகிய கிக்அவுட்டை எதிரணிக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, பதின்மூன்று பதினான்கு பேரைத் தங்கள் பாதிக்குள் இறக்கி அரண் அமைப்பதே பாதுகாப்பு என்று நினைத்தன. பந்து வைத்திருக்கும் அணி அந்த அரணுக்கு முன்னால் கையால் பாஸ் கொடுத்துக்கொண்டு பக்கவாட்டில் உலாவியது. இந்த அரண் உத்தி எவ்வளவு இறுகக்கூடும் என்பதற்கு 2011 அரையிறுதியே சாட்சி. டப்ளினும் டோனிகாலும் 70 நிமிடம் ஆடி 0-8க்கு 0-6 என்று முடித்தன. கிக்அவுட் நுட்பம் வளர வளர ஆட்டம் சலிப்பூட்டியது என்பது முரணாகத் தோன்றலாம், ஆனால் காரணம் எளியது. போட்டியில்லாமல் பந்து கிடைத்தால், அதை இழக்காமல் வைத்திருப்பதே எல்லோருக்கும் முதல் அக்கறையாகிவிடும். என்னைக் கேட்டால், கிளக்ஸ்டனைப் பின்பற்றியவர்கள் அவருடைய துல்லியத்தை விட்டுவிட்டு எச்சரிக்கையை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

டப்ளினின் முன்னாள் பயிற்சியாளர் ஜிம் கேவின் தலைமையில் கேலிக் தடகளச் சங்கம் அமைத்த குழு முன்வைத்த புதிய விதிகள் 2025 பருவத்தில் நடைமுறைக்கு வந்தன. கிளக்ஸ்டனின் உதையை மையமாக வைத்துப் பட்டங்களை அடுக்கிய அதே மனிதர், அந்தக் குறுகிய உதையை இல்லாமலாக்கிய குழுவுக்குத் தலைவரானார் என்பதைக் குறிப்பிட்டே ஆக வேண்டும். கோலின் நடுவிலிருந்து 40 மீட்டர் ஆரத்தில் களத்தில் ஒரு வில் வரையப்பட்டது. 20 மீட்டர் கோட்டிலிருந்து எடுக்கப்படும் கிக்அவுட் அந்த வில்லைத் தாண்டியாக வேண்டும். முன்பு 13 மீட்டர் போனாலே போதும்.

இந்த வில்லின் வடிவியல் பார்வைக்குத் தெரிவதைவிடக் கண்டிப்பானது. கோல்கீப்பருக்கு நேர் முன்னால் வில் 20 மீட்டரிலேயே இருக்கிறது. ஆனால் அவர் நிற்கும் கோட்டிலேயே பக்கவாட்டில் அது ஏறக்குறைய 35 மீட்டர் தள்ளிப் போய்விடுகிறது. களத்தின் பாதி அகலம் 40 முதல் 45 மீட்டர் என்பதால், அந்த இடத்தில் வில்லுக்கும் பக்கக் கோட்டுக்கும் இடையே மிஞ்சுவது 5 முதல் 10 மீட்டர் அகலமுள்ள ஓர் ஒடுங்கிய பட்டை. அதற்குள் 35 மீட்டர் உதையை இறக்கி, பந்து கோட்டைத் தாண்டாமல் பிடிக்க வேண்டும். பாதுகாப்பான பக்கவாட்டு உதை கடினமாகிவிட்டது, எளிதான குறுகிய உதையோ எதிரிகள் கூடி நிற்கும் மையத்தில் போய் விழுகிறது. எனவே கோல்கீப்பர்கள் 50, 60 மீட்டருக்கு உதைக்கத் தள்ளப்பட்டார்கள்.

ஆள் கணக்கும் மாறியது. கோல்கீப்பரை விட்டுப் பார்த்தால், ஒவ்வொரு அணியும் தலா மூன்று பேரையாவது இரு பாதிகளிலும் எப்போதும் வைத்திருக்க வேண்டும். கிக்அவுட் எடுக்கும் பாதியில் அதிகபட்சம் இந்தப் பக்கம் 11 பேர், அந்தப் பக்கம் 11 பேர். ஆளுக்கு ஆள் சரியாகப் போனதால் மறிக்கப்படாத ஆள் என்று ஒருவர் மிஞ்சுவதில்லை. முன்பு அந்த மிச்ச ஆளாக இருந்தவர் கோல்கீப்பர். உதைத்துவிட்டுப் பந்தைத் திரும்ப வாங்கி மீண்டும் தொடங்குவார். இப்போது சக ஆட்டக்காரரிடமிருந்து அவர் பந்து பெறுவதற்குக் கடுமையான கட்டுப்பாடு இருப்பதால் அந்தக் கதவும் அடைபட்டது.

நீண்ட உதை திரும்பியதும் வானில் பந்து பிடிக்கும் காட்சி திரும்பியது என்று பழைய ரசிகர்கள் மகிழ்ந்தார்கள். மகிழ வேண்டியதுதான். ஆனால் மூன்று நான்கு பேர் ஒரே பந்துக்கு எம்பும்போது பல முறை எவர் கையிலும் அது நிற்காது, யாரோ ஒருவரின் விரலில் பட்டுச் சிதறி சில மீட்டருக்குள் விழும். அப்படிச் சிதறும் பந்துக்காகக் குதிக்காமல் சுற்றிலும் காத்திருப்பவர்களை எங்கே நிறுத்துவது என்பதே இப்போது உத்தியின் உயிர்நாடி. கோலிலிருந்து 55 மீட்டரில் பறிக்கப்படும் பந்து, அதே வில்லிலிருந்து 15 மீட்டர் தொலைவில்தான் இருக்கிறது. வில்லுக்கு வெளியிலிருந்து கம்பத்துக்கு மேலே உதைத்தால் புதிய விதிப்படி 2 புள்ளி, அதற்கு ஆரஞ்சு நிறக் கொடி. ஆகவே இழந்த கிக்அவுட் ஒன்று ஓரிரு பாஸில் இரண்டு புள்ளியாகிவிடலாம், அதன்பின் மீண்டும் கிக்அவுட், மீண்டும் அதே ஆபத்து.

2025 ஜூன் கடைசியில் குரோக் பார்க்கில் நடந்த காலிறுதியில் முந்தைய ஆண்டின் சாம்பியனான அர்மாவுக்கு நேர்ந்தது இதுதான். இரண்டாம் பாதியின் தொடக்கத்தில் அர்மா முன்னிலையில் இருந்தது. பிறகு அதன் கிக்அவுட்டுகளைக் கெர்ரி ஒன்றன்பின் ஒன்றாகப் பறித்தது. சுமார் கால் மணி நேரத்தில் எதிரணிக்கு ஒரு புள்ளிகூட விடாமல் 14 புள்ளி சேர்த்து, ஆட்டத்தை 0-32க்கு 1-21 என்று முடித்தது. மிதவை கவிழ்ந்துவிட்ட ஆட்டத்தில் நல்ல தடுப்பாட்டக்காரர்களாலும் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. பந்து மீண்டும் மீண்டும் அவர்களை நோக்கியே வந்துகொண்டிருக்கும், மூச்சு வாங்க நேரமிருக்காது.

அந்த ஆண்டின் இறுதியாட்டத்தில் ஜிம் மெக்கின்னஸ் பயிற்றுவித்த டோனிகாலைக் கெர்ரி 1-26க்கு 0-19 என்று வென்று தன் 39ஆவது பட்டத்தை எடுத்தது. டேவிட் கிளிஃபர்ட் வில்லுக்கு வெளியிலிருந்து அடித்த இரண்டு புள்ளி உதைகளே மறுநாள் பேச்சாக இருந்தன. இரு கவுண்டியின் நிறமும் பச்சையும் பொன்னிறமுமே என்பதால் அரங்கைச் சுற்றியுள்ள தெருக்களில் யார் எந்த ஊர் என்று பேச்சைக் கேட்டுத்தான் கண்டுபிடிக்க முடியும். ஆட்டத்துக்குப் பின் மதுக்கூடங்களில் நடக்கும் விவாதமும் அதேபோலக் கலந்துதான் நடக்கிறது. நீண்ட உதைக்கே எல்லோரும் தயாராகிவிட்ட பிறகு, மையத்தில் 20 மீட்டரைச் சற்றே தாண்டி விழும் தட்டையான, துணிச்சலான உதையை எந்தக் கோல்கீப்பர் முதலில் நம்பகமாக ஆக்குவார் என்பது அந்த விவாதங்களில் கேட்க வேண்டிய கேள்வி. அதற்கு நடுவில் நிற்பவர் பந்து வந்து சேரும் முன்பே திரும்பத் தயாராக இருக்க வேண்டும், அவரைச் சுற்றி 5 மீட்டராவது வெற்றிடம் வேண்டும். அந்த வெற்றிடத்தை உண்டாக்கும் ஓட்டங்களைப் பல கவுண்டிகள் குளிர்காலப் பயிற்சியிலேயே ஒத்திகை பார்க்கத் தொடங்கிவிடும்.