காலி இடம் நஷ்டம் இல்லை

மணலிப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் இருந்து போன வாரமும் அதே புகார். "சாஃப்ட்வேர் போட்டும் ஷிஃப்டிங் (ஒரு பெட்டியை எடுக்க மேலே உள்ளவற்றை இடம் மாற்றுவது) குறையவே இல்லையே சார்." போய்ப் பார்த்தால் எல்லா அடுக்கும் ஐந்து உயரம், ஒரு இடம்கூடக் காலி இல்லை. டெலிவரிக்கு வந்த டிரைலர்கள் வாசலில் வரிசைகட்டி நிற்கின்றன. கேட்கிற பெட்டியெல்லாம் அடியில்.

யார்டு அடுக்கும் புரோகிராம் எழுதுவது என் வேலை. "காலியாக விட்டால் வாடகை நஷ்டம்" என்று உரிமையாளர்கள் சொல்வதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. தயவுசெய்து கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆர்டிஜி கிரேனுக்கு (அடுக்குகளுக்கு மேலே கால் விரித்து நின்று ரப்பர் டயரில் ஓடும் கிரேன்) கீழே ஒரு பே, அதாவது கிரேன் ஓடாமல் நின்ற இடத்திலேயே எட்டும் பகுதி: 6 வரிசை, 5 உயரம், மொத்தம் 30 இடம். அடிப்பெட்டியை எடுக்க, மேலே உள்ள 4 பெட்டிகளை அதே பேயில் வேறு வரிசைகளுக்கு மாற்ற வேண்டும். அதற்கு 4 இடம் வேண்டாமா? அப்படியென்றால் 26க்கு மேல் வைக்கவே கூடாது. அந்த 26கூட கடைசி எல்லைதான், வசதியான அளவு இல்லை. முப்பதையும் நிரப்பிவிட்டால் எந்த அல்காரிதமும் உதவாது. ரீச் ஸ்டேக்கர் (நீளும் கையால் பெட்டியைத் தூக்கும் வண்டி) மட்டும் வைத்திருப்பவர்கள் பாடு இன்னும் கஷ்டம், முன்வரிசை உயரமாக இருந்தால் அதைக் குறைக்காமல் பின்வரிசையை எடுக்க முடியாது.

உயரம் கூடக்கூட வேலையும் கூடும். எது முதலில் போகும் என்று தெரியாமல் அடுக்கினால், 3 உயர அடுக்கில் கீழே இருப்பதை மறிக்கும் பெட்டிகள் சராசரியாக 1.2. 5 உயரத்தில் அது 2.7, பாதிக்கு மேல். நகர்த்திய பெட்டி போன இடத்தில் இன்னொன்றை மறிப்பது தனி.

(ஸ்டீல் காயில், அதாவது சுருட்டிய எஃகுத் தகடு வைக்கும் கிடங்குக்காரர்களும் கவனிக்கவும். மேல் காயில் ஒவ்வொன்றும் கீழே இரண்டின்மேல் உட்காருகிறது. நடுவில் ஒன்றை உருவ, மேலே இரண்டை எடுக்க வேண்டும்.)

மிகக் குறைந்த நகர்த்தல் எத்தனை என்று கண்டுபிடிப்பது என்பி-ஹார்ட் வகைக் கணக்கு, அதாவது பெட்டிகள் கூடினால் சரியான விடையை வேகமாகக் கண்டுபிடிக்க வழி தெரியாத வகை; 2012ல் ஆய்வாளர் கஸெர்ட்டா குழுவினர் அதை நிரூபித்தார்கள். அதனால் நடைமுறையில் எளிய விதிகளைத்தான் நம்புகிறோம். தனக்குப் பின்னால் வெளியேறும் பெட்டிகள் மட்டும் இருக்கும் அடுக்கின்மேல் வை. அப்படி ஒன்றும் இல்லையா, முதல் டெலிவரிக்கு அதிக நாள் இருக்கும் அடுக்கைத் தேர்ந்தெடு. அவ்வளவுதான்.

ஆனால் இதற்கு வெளியேறும் தேதி வேண்டும். அந்த யார்டில் எல்லாப் பெட்டிக்கும் ஒரே தேதியை அடித்து வைத்திருந்தார்கள்! நாள் துல்லியமாகத் தெரியாவிட்டால் 'இந்த வாரம்', 'அடுத்த வாரம்' என்றாவது பிரியுங்கள். கஸ்டம்ஸ் ஏஜென்டிடம் ஒரு போன் போட்டால் கிடைத்துவிடும் தகவல் அது. புயலால் துறைமுகம் நின்றால் எல்லாத் தேதியும் மாறும், அன்றே திருத்துங்கள்.

அப்புறம், நாளைய டெலிவரிப் பட்டியலை மாலையிலேயே இரவு ஷிஃப்ட்டுக்குக் கொடுங்கள். கிரேன் சும்மா நிற்கும் நேரத்தில் அந்தப் பெட்டிகளை மேலே கொண்டுவந்து வைக்கலாம். காலை அவசரத்தில் தூக்கினால், பெட்டிக்கும் டிரைலருக்கும் நடுவில் ஆள் ஓடுவதைத் தடுக்க முடியாது. அதைப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.