மூன்று புரொஜெக்டர், ஒரே காட்சி

அரங்கில் மூன்று புரொஜெக்டர்களை வைஃபையில் இணைத்து ஒரே வீடியோவை ஓட்டினால், ஒரு திரையில் பேச்சாளரின் வாய் அசைந்த பிறகுதான் அடுத்த திரையில் அசையும். உடனே ரௌட்டரைத் தூக்கி இடம் மாற்றுவார்கள். சிக்னல் முழுதாக இருந்தாலும் இப்படித்தான் நடக்கும்.

முழு எச்டி படத்தில் 1920 × 1080 புள்ளிகள். புள்ளிக்கு 24 பிட், நொடிக்கு 60 படம் என்று பெருக்கினால் நொடிக்குச் சுமார் 3 ஜிகாபிட். சாதாரண வைஃபை இதைத் தாங்காது. அதனால் லேப்டாப் படத்தை எச்.264 போன்ற முறையில் சுருக்கி, 10, 20 மெகாபிட்டாக்கி அனுப்புகிறது. புரொஜெக்டர் அதில் கொஞ்சத்தைச் சேர்த்து வைத்துக்கொண்டு, பிறகு விரித்துக் காட்டுகிறது. இதற்கெல்லாம் பிடிக்கும் நேரம் மாடலுக்கு மாடல் வேறு. கோணலைச் சரிசெய்யும் கீஸ்டோனைப் போட்டாலே சிலவற்றில் தாமதம் கூடும்.

அடுத்த சிக்கல் காற்றில். ஒரு சேனலில், அதாவது வைஃபை ஓடும் ஒரு அலைவரிசையில், ஒரு நேரத்தில் ஒரு கருவிதான் பேசலாம். மூன்று புரொஜெக்டருக்கும் தனித்தனியே அனுப்பினால் சேனலுக்கு மும்மடங்கு சுமை. ஒரே தடவை அனுப்பி மூன்றும் கேட்டுக்கொள்ளட்டும் என்பதுதான் மல்டிகாஸ்ட். கேபிளில் இது அருமையாக ஓடும். வைஃபையில் அப்படியில்லை: ‘வந்து சேர்ந்தது’ என்று யாரும் பதில் சொல்வதில்லை, எனவே தொலைந்த துண்டு மறுபடி வராது. எல்லோருக்கும் எட்ட வேண்டுமே என்று ரௌட்டர்களும் பெரும்பாலும் மெதுவான வேகத்திலேயே அனுப்பும். போன், லேப்டாப் திரையை வயரில்லாமல் காட்ட 2012-ல் வந்த மிராகாஸ்டோ ஒரு கருவியிலிருந்து ஒரு திரைக்கு என்றே அமைந்தது.

சரி, மூன்றையும் எப்படி ஒத்துப்போக வைப்பது? வேகமாக வருவதைத் தாமதிக்க வைப்பதுதான் வழி. ஒவ்வொரு படத்தின் மீதும் ‘இன்ன நேரத்துக்குக் காட்டு’ என்று குறித்து அனுப்புவார்கள். பெறும் கருவிகளின் கடிகாரங்களை என்டிபி அல்லது பிடிபி நெறிமுறை ஒன்றாக்கி வைக்கும். முந்தி வந்தவை குறித்த நேரம்வரை காத்திருக்கும். அதன்பிறகு புரொஜெக்டர் உள்ளே சேர்க்கும் தாமதம் இந்தக் கணக்கில் வராது. ஓடும் கடிகாரம் ஒன்றை எல்லாத் திரையிலும் காட்டி, போனில் ஸ்லோமோஷனில் எடுத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். அந்த வித்தியாசத்தை செட்டிங்ஸில் போட்டுச் சரிசெய்யலாம். ஒரே மாடலாக மூன்றை வாங்கினால் பாதித் தலைவலி குறையும்.

படத்தைத் தாமதிக்க வைத்தால் ஒலியையும் தாமதிக்க வைக்க வேண்டும். ஒலி முந்தினால்தான் காதுக்கு உறுத்தும். கொஞ்சம் பிந்துவது நமக்குப் பழக்கம். ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர்தான் போகிறது என்பதால், மேடை ஸ்பீக்கரிலிருந்து 34 மீட்டர் தள்ளி உட்கார்ந்தவருக்கு எப்படியும் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு பிந்தித்தான் கேட்கும்.

பதிவுசெய்த வீடியோவுக்கு, எல்லாத் திரையும் சேர்ந்து அரை நொடி பிந்தினால் ஒன்றும் கெட்டுவிடாது. மேடையில் ஆடுபவரை நேரடியாகக் காட்டும்போது அதே அரை நொடி அப்பட்டமாகத் தெரியும். அங்கே கேமராவிலிருந்து எஸ்டிஐ கேபிள் (வீடியோவைச் சுருக்காமல் கொண்டுபோகும் கேபிள்) இழுத்துவிடுவதே மேல். எப்படியும் கரண்டுக்கு ஒரு வயர் போகத்தானே போகிறது!