இருப்புக் கொள்ளாமல் கிளம்பத் தோன்றும்போது

"எங்கேயாவது போய்விட வேண்டும் போலிருக்கிறது, டாக்டர்." மனநல மருத்துவராக நான் மிக அதிகமாகக் கேட்கும் பேச்சுகளில் இதுவும் ஒன்று. கோடை விடுமுறைக்கு முன்பும், அலுவலகங்களில் ஆண்டுக் கணக்கு முடிக்கும் மார்ச் மாதத்திலும் இது கூடுதலாகவே காதில் விழும். எங்கே போக வேண்டும் என்று திருப்பிக் கேட்டால் பலருக்கு ஊர்ப் பெயர் வாயில் வராது. வேலையில் மனம் ஒட்டுவதில்லை, வீட்டில் கால் தரிப்பதில்லை. இரவு படுத்தபடியே ஏற்காட்டிலும் வால்பாறையிலும் அறை வாடகை என்னவென்று கைபேசியில் பார்த்துக்கொண்டு அப்படியே தூங்கிப் போகிறார்கள்.

தூங்கிப் போகிறார்கள் என்பதைக் கவனியுங்கள். திடீரென்று கிளம்பத் துடிக்கும் ஒருவர் என் முன்னால் உட்கார்ந்தால், அவர் எந்த ஊருக்குப் போக நினைக்கிறார், எவ்வளவு செலவு செய்யப் போகிறார் என்பதெல்லாம் எனக்குப் பிறகுதான். முதலில் கேட்பது, "நேற்று இரவு எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள்?" பெரும்பாலானோர் ஏழு மணி நேரம் தூங்கியிருப்பார்கள், அல்லது தூக்கம் போதவில்லை என்று கண்ணைக் கசக்குவார்கள். அவர்களுக்கு இருப்பது சலிப்பு, களைப்பு, சில சமயம் நியாயமான கோபம். நோய் என்று எதுவும் இல்லை.

குடும்பங்கள் இதைப் பெரும்பாலும் தலைகீழாகப் புரிந்துகொள்கின்றன என்பதுதான் என் வருத்தம். ஐம்பதை நெருங்கும் ஒரு பெண்மணியைக் கணவரும் மகனும் அழைத்து வந்திருந்தார்கள். (இந்தக் கட்டுரையில் வருபவர்களின் அடையாளங்களை மாற்றியே எழுதுகிறேன்.) காய்கறி வாங்கப் போனவர், பஸ் நிலையத்தில் கிளம்பத் தயாராக நின்ற கும்பகோணம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டார். மடியில் காலிக் கூடை. பஸ் ஊரைத் தாண்டியதும் மகனை அழைத்துத் தகவல் சொல்லியிருக்கிறார். மகாமகக் குளத்துப் படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்து, ஒரு காபி குடித்துவிட்டு, விளக்கு வைக்கும் நேரத்துக்குள் வீடு திரும்பிவிட்டார். மறக்காமல் காய்கறியும் வாங்கி வந்திருக்கிறார். "அம்மாவுக்குத் தலையில் ஸ்கேன் எடுக்க வேண்டுமா?" என்று கேட்டார் மகன்.

தூக்கம், பசி, நினைவாற்றல், பேச்சு எல்லாமே சரியாக இருந்தன. படுத்த படுக்கையாக இருக்கும் மாமியாரைப் பல வருடங்களாக அவர்தான் கவனித்துக்கொள்கிறார். கணவரை வெளியே உட்காரச் சொன்ன பிறகு மெதுவாகச் சொன்னார்: "யாருக்கும் எதுவும் எடுத்துக் கொடுக்காமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று தோன்றியது, அவ்வளவுதான்." நான் மாத்திரை எதுவும் எழுதவில்லை. வாரத்தில் ஒரு நாள் பாட்டியைக் கவனிக்கும் பொறுப்பை மகன் ஏற்க வேண்டும் என்று மருந்துச் சீட்டிலேயே எழுதி அவர் கையில் கொடுத்தேன்.

இருக்கும் இடத்தை விட்டுப் போக நினைப்பதற்கு நோய் என்று முத்திரை குத்துவதில் எங்கள் துறைக்கே ஒரு வெட்கக்கேடான பழைய கதை உண்டு. 1851-ஆம் ஆண்டு அமெரிக்காவின் லூசியானாவில் சாமுவேல் கார்ட்ரைட் என்ற மருத்துவர், அடிமைகள் தப்பி ஓடுவதை ஒரு மனநோய் என்று எழுதினார். அதற்கு 'டிராபெட்டோமேனியா' என்று பெயரும் சூட்டினார். சாட்டையடியை மருந்தாகப் பரிந்துரைத்தார். ஓடத் தூண்டும் வாழ்க்கையை அப்படியே விட்டுவிட்டு ஓட நினைத்தவரைக் குணப்படுத்த முயன்ற மருத்துவம் அது. ஒரு பெண் தனியாக வெளியூர் போக ஆசைப்பட்டாள் என்பதற்காக அவளை என்னிடம் அழைத்து வருபவர்களிடம் இதைப் பொறுமையாக எடுத்துச் சொல்கிறேன்.

உண்மையில் பதற வேண்டிய இடத்தில் வீடுகள் பெருமைப்படுவதையும் பார்க்கிறேன். இருபதுகளின் நடுவில் இருக்கும் ஓர் இளைஞர். மென்பொருள் நிறுவனத்தில் வேலை. எப்போதும் வாய் திறக்காதவர் திடீரென்று கலகலப்பாகிவிட்டார். ஒரு நள்ளிரவில் பைக்கை எடுத்துக்கொண்டு சென்னையிலிருந்து பாண்டிச்சேரி போய், விடியும்போது திரும்பி, குளித்துவிட்டு நேராக வேலைக்குப் போனார். அடுத்த இரவு ஏலகிரி. "பையனுக்கு இப்போதுதான் வாழ்க்கையை அனுபவிக்கத் தெரிந்திருக்கிறது" என்று அப்பா உறவினர்களிடம் சொல்லியிருக்கிறார். கடைசியில் அக்காதான் சந்தேகப்பட்டு அழைத்து வந்தார். அவர் என்னிடம் காட்டியது தம்பியின் கைபேசியை. ஒரே தேதிக்கு கோவா, வாரணாசி, ராமேசுவரம் என மூன்று ஊர்களுக்கு டிக்கெட். எல்லாம் அதிகாலை இரண்டரைக்கும் நான்குக்கும் இடையே எடுத்தவை. நடுநடுவே, பல வருடமாகத் தொடர்பில்லாத பள்ளித் தோழர்களுக்குப் பக்கம் பக்கமாகச் செய்திகள். "இரண்டு மணி நேரம் தூங்கினாலே போதும், டாக்டர். இவ்வளவு தெளிவாக நான் இருந்ததே இல்லை" என்றார் அவர். அதைச் சொல்லும்போதே எழுந்து நின்றுவிட்டார்.

தூக்கம் வராமல் தவிப்பது வேறு, தூக்கமே தேவைப்படாமல் போவது வேறு. முன்னதில் மறுநாள் உடல் சோர்ந்துவிடும். பின்னதில் சோர்வே இருக்காது. குறைந்த தூக்கத்திலும் உற்சாகம் கொப்பளிக்கிறது, பேச்சு நிற்பதில்லை, பணம் தண்ணீராகச் செலவாகிறது, திட்டத்தின் மேல் திட்டம் பிறக்கிறது, தடுத்தால் எரிச்சல் வருகிறது என்றால் அது பைபோலார் எனப்படும் இருதுருவ மனநோயின் மேனியா கட்டமாக இருக்கலாம். இந்த நிலை ஒரு வாரம் நீடித்தால் மேனியா என்றும், லேசான வடிவில் 4 நாட்கள் நீடித்தால் ஹைப்போமேனியா என்றும் கணக்கிடுகிறோம். வீட்டில் இருப்பவர்கள் நாட்களை எண்ணிக்கொண்டு காத்திருக்க வேண்டியதில்லை. இரண்டு மூன்று இரவுகள் இப்படிக் கழிந்தாலே அழைத்து வாருங்கள். பதின்பருவத்தின் கடைசியிலும் இருபதுகளிலும்தான் இது பெரும்பாலும் முதல்முறையாகத் தலைகாட்டும். இன்னொன்று, பயணமே இதைத் தூண்டிவிடவும் கூடும். இந்த நோய்க்கு ஆளாகும் இயல்புள்ளவர்களுக்குத் தொடர்ச்சியாக இரவுத் தூக்கம் கெடுவது மிகவும் ஆபத்தானது. வீட்டில் அப்பாவுக்கோ அத்தைக்கோ இந்த நோய் இருந்திருந்தால், இரவெல்லாம் வண்டி ஓட்டும் பயணங்களைத் தவிருங்கள். அந்த இளைஞர் சிகிச்சைக்குப் பிறகு வேலைக்குத் திரும்பிவிட்டார். டிக்கெட்டுகளை ரத்து செய்ததிலும் கடன் அட்டையிலும் போன பணம்தான் திரும்பவில்லை.

சிலருக்கு இருப்புக் கொள்ளாமை மனதில் தொடங்குவதில்லை. வாந்தியை நிறுத்தக் கொடுக்கும் மெட்டோகுளோப்ரமைடு, மனநோய்க்கு நாங்கள் கொடுக்கும் ஹாலோபெரிடால் போன்ற மருந்துகள் சிலருக்கு அகத்தீசியா என்ற பக்கவிளைவைத் தரும். உட்கார்ந்தால் எழத் தோன்றும், எழுந்தால் நடக்கத் தோன்றும், நடந்தாலும் ஆறாது. புதிய மருந்து தொடங்கிய சில நாட்களில் இப்படி ஆனால், எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் உடனே சொல்லுங்கள். மருந்தை மாற்றினாலோ அளவைக் குறைத்தாலோ பெரும்பாலும் சரியாகிவிடும். தைராய்டு மிகையாகச் சுரந்தாலும் படபடப்பும் நிலைகொள்ளாமையும் வரும். எடை குறைகிறது, கை நடுங்குகிறது, வியர்த்துக் கொட்டுகிறது என்றால் ஓர் இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

என்னை அதிகம் பயமுறுத்துவது, சத்தமில்லாமல் கிளம்ப நினைப்பவர்கள். "எல்லோரையும் விட்டுவிட்டு எங்கேயாவது தொலைந்து போய்விடலாம்" என்று சொல்பவர்; பல வாரங்கள் வாடியிருந்து திடீரென்று அமைதியாகிவிட்டவர்; கைமாற்றுக் கடன்களைத் தீர்த்து, வங்கிக் கடவுச்சொற்களை எழுதி மனைவியிடம் கொடுத்தவர். இவர்களிடம் ஊரைப் பற்றிக் கேட்காதீர்கள். "செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்டால் அந்த எண்ணம் முளைத்துவிடுமோ என்று பலர் அஞ்சுகிறார்கள். முளைக்காது. யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்ததாகச் சொல்லி அழுதவர்கள்தான் என்னிடம் அதிகம். ஆம் என்று பதில் வந்தால் அவரைத் தனியே விடாமல் மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணிலும், தமிழக அரசின் உதவியை 104 என்ற எண்ணிலும் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி, தமிழிலேயே பெறலாம்.

கிளம்பியே போய்விட்டால், வந்துவிடுவார் என்று இரவெல்லாம் காத்திருக்காமல் காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். மனநலம் பாதித்த நிலையில், தம்மைப் பார்த்துக்கொள்ள முடியாமல் அலைந்து திரிபவரைக் கண்டால், அவரைப் பாதுகாப்பில் எடுத்து 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டியது போலீசாரின் கடமை என்கிறது 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம். லாக்கப்பில் அடைக்கக் கூடாது என்றும் அதே பிரிவு சொல்கிறது.

இவை எதுவும் இல்லாத, நன்றாகத் தூங்கி எழுந்தும் எங்கேயாவது போகத் துடிக்கிற பெரும்பான்மையினருக்கு ஒரு சொல். போய் வாருங்கள். ஆனால் பயணத்தின் மீது ஏற்றும் பாரத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். 2010-ஆம் ஆண்டு வெளியான ஒரு நெதர்லாந்து ஆய்வில் 1,530 பேரிடம் விசாரித்தார்கள். சுற்றுலா போகவிருந்தவர்கள், போகாதவர்களைவிட மகிழ்ச்சியாக இருந்தது கிளம்புவதற்கு முன்புதான். திரும்பிய பிறகு இரு தரப்புக்கும் பெரிய வேறுபாடில்லை. மிகவும் நிம்மதியான விடுமுறையாக அமைந்தது என்று சொன்னவர்களுக்கு மட்டும் சில காலம் அந்த நலம் நீடித்தது. வெள்ளி இரவு பஸ் ஏறி, இரண்டு நாளில் ஆறு இடம் பார்த்து, திங்கள் காலை கண் எரிய நேராக அலுவலகம் போகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு இந்த ஆய்வுதான் நினைவுக்கு வருகிறது. பக்கத்து ஊராக இருக்கட்டும், ஒரே இடமாக இருக்கட்டும், திரும்பிய மறுநாள் வீட்டில் இருங்கள். எதிலிருந்து ஓடத் தோன்றியது என்பதை யாரிடமாவது வாய்விட்டுச் சொல்லிவிட்டுப் போனால் இன்னும் நல்லது.

ஏற்கெனவே சிகிச்சையில் இருப்பவர்களை நான் வீட்டிலேயே அடைந்து கிடக்கச் சொல்வதில்லை. இருதுருவ மனநோய்க்கு லித்தியம் என்ற மருந்து சாப்பிடும் ஒருவர் பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை போகலாமா என்று கேட்டு அவருடைய மனைவி வந்திருந்தார். 14 கிலோமீட்டர் கிரிவலத்தில் வியர்வையாக நீரும் உப்பும் வெளியேறினால் இரத்தத்தில் லித்தியத்தின் அளவு ஆபத்தாக ஏறக்கூடும். கால் வலிக்கு டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் மாத்திரைகளைப் போட்டுக்கொண்டால் இன்னும் ஏறும். விடிய விடிய விழித்திருப்பதும் அவருக்கு ஆகாது. வெயில் தாழ்ந்ததும் நடக்கத் தொடங்கி, வழியெல்லாம் தண்ணீரும் மோரும் குடித்து, இடையிடையே உட்கார்ந்து, முன்னிரவிலேயே முடித்து அறையில் படுத்துவிடச் சொன்னேன். மாத்திரையை நேரம் தவறாமல் போட வேண்டும், மருந்துச் சீட்டைப் பையில் வைத்திருக்க வேண்டும். வாந்தியோ வயிற்றுப்போக்கோ தொடங்கினால், கை நடுக்கம் அதிகமானால், நடை தள்ளாடினால், பேச்சு குளறினால் அடுத்த மாத்திரையைப் போடாமல் நேராக அங்கிருக்கும் அரசு மருத்துவமனைக்குப் போய், லித்தியம் சாப்பிடுகிறார் என்பதை முதலில் சொல்ல வேண்டும்.