பிரீமியம் பெட்ரோல் கிளட்ச் பிளேட்டைச் சரிசெய்யாது

போன வாரம் பாளையங்கோட்டையில் என் பட்டறைக்கு ஒரு ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 பைக் வந்தது. ஓட்டி வந்த தம்பிக்கு ஐ.டி. வேலை. சனி, ஞாயிறு ஆனால் குற்றாலம், அலுத்துப்போனால் புளியரை வழியாகத் தென்மலை.

"அண்ணாச்சி, ஆறு மாசமா பிரீமியம்தான் அடிக்கேன். அப்படியும் புளியரை ஏத்தத்தில வண்டி இழுக்க மாட்டேங்கு. நூறு ஆக்டேன் போட்டா சரியாயிருமா?"

இதே கேள்வி இந்த மாதத்தில் எனக்கு நாலாவது தடவை. ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தேன். ஆக்சிலேட்டரைத் திருகினால் சத்தம் ஏறுகிறது, வண்டி ஏறவில்லை. இன்ஜின் இழுவையைச் சக்கரத்துக்குக் கடத்துகிற கிளட்ச் பிளேட் தேய்ந்து வழுக்குகிறது. ஏர் ஃபில்டரைத் தட்டினால் அரைக் கைப்பிடித் தூசி கொட்டியது. செயின் தொங்குகிறது. பெட்ரோல் மட்டும்தான் பிரீமியம்.

எங்கள் பக்கத்து பல்க்குகளில் பிரீமியத்துக்கு லிட்டருக்கு ஏழெட்டு ரூபாய் கூடுதல். அந்த வண்டியின் டேங்க் 13 லிட்டர். வாரம் ஒரு டேங்க் என்றால், ஆறு மாதத்தில் சுமார் இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய் வீணாய்ப் போயிருக்கிறது. தம்பி நல்ல பையன்தான், யாரோ சொன்னதை நம்பிவிட்டான்.

எல்லாரும் நம்புவது இதைத்தான்: ஆக்டேன் எண் கூடினால் பெட்ரோலுக்குச் சத்து கூடும். பாலில் கொழுப்பு மாதிரி நினைத்துக்கொள்கிறார்கள். அது சத்துக் கணக்கே இல்லை. பெட்ரோலின் பொறுமைக் கணக்கு. காய்ந்த பனையோலை பொறி பட்டதும் பக்கென்று பிடித்துவிடும், உடை விறகு அவ்வளவு சீக்கிரம் பிடிக்காது. சிலிண்டருக்குள் பெட்ரோலையும் காற்றையும் சேர்த்து அமுக்கும்போது, பிளக் பொறியின் தீ வந்து சேரும்வரை தானாகப் பற்றிக்கொள்ளாமல் எவ்வளவு தாங்கும் என்பதற்குப் போட்ட எண்தான் ஆக்டேன். எரிந்தால் எவ்வளவு வெப்பம் தரும் என்பதைப் பற்றி அந்த எண் வாயே திறப்பதில்லை.

நம்பிக்கை வரவில்லையா? பெட்ரோலில் கலக்கிற எத்தனால் என்கிற எரிசாராயத்தைப் பாருங்கள். அதன் ஆக்டேன் 108-க்குப் பக்கம், பெட்ரோலை விட அதிகம். ஆனால் ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் வெப்பம் ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். ஆக்டேன்தான் சத்து என்றால், எத்தனால் கலக்கக் கலக்க மைலேஜ் ஏறியிருக்க வேண்டுமே? கொஞ்சம் இறங்கத்தானே செய்தது! இதையே "எத்தனால் பெட்ரோல் அடிச்சு மைலேஜ் போச்சு" என்று என்னிடம் புலம்பிவிட்டு, நேரே போய் ஆக்டேன் கூடின பெட்ரோல் அடிக்கிறவர்களை என்ன சொல்ல?

இன்னொன்று. சாதாரண பெட்ரோலின் ஆக்டேன் ஒரு காலத்தில் 88. அப்புறம் 91 ஆனது. இருபது சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு இப்போது 95 என்று பெட்ரோலிய அமைச்சகமே 2025-இல் சொல்லியிருக்கிறது. எக்ஸ்பி95, பவர்95 என்கிற பெயர்களில் இருக்கும் எண்ணும் அதே 95-தான். பிரீமியத்தில், இன்ஜினுக்குள் பெட்ரோலைத் தெளிக்கிற இன்ஜெக்டரைச் சுத்தமாக வைக்கும் மருந்து கலக்கிறார்கள், அது உண்மை. அதற்காக அடிப்பேன் என்றால் அடியுங்கள், நான் தடுக்கவில்லை. அதில் இழுவை கிடைக்கும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

"போட்டதும் வித்தியாசம் தெரியுது அண்ணாச்சி" என்பார்கள். தெரியும், தெரியும். ஒரு வாத்தியார் ஆடி மாதம் நாகர்கோவிலுக்குப் போனார். பணகுடி தாண்டியதும் வண்டி எண்பதைத் தொடவே அழுதிருக்கிறது. நாகர்கோவிலில் பிரீமியம் நிரப்பித் திரும்பினால் அதே சாலையில் வண்டி பறக்கிறது! பட்டறைக்கு வந்து ஒரு மணி நேரம் அதைப் பற்றியே பேசினார். "சார், முப்பந்தலில் அத்தனை காற்றாலையை எதுக்கு நட்டு வச்சிருக்காங்க?" என்று கேட்டேன். போகும்போது ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று நெஞ்சில் அடித்திருக்கிறது, வரும்போது முதுகில் தள்ளியிருக்கிறது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, டீ சொல்லுங்க என்றார்.

சரி, பிரீமியம் யாருக்குத்தான் வேண்டும்? வண்டியோடு கொடுத்த கையேட்டில் எவனுக்கு அந்த எண் எழுதியிருக்கிறதோ அவனுக்கு. சிலிண்டருக்குள் எத்தனை மடங்கு அமுக்குகிறது என்பதுதான் அழுத்த விகிதம், கிளாசிக் 350-க்கு அது 9.5-க்கு 1. சாதாரண பெட்ரோலே அதற்குத் தாராளம். ஹயபூசா சூப்பர் பைக் மாதிரி 12.5 வரை அமுக்குகிற இன்ஜின் வேறு ஜாதி. அதற்காக விகிதத்தை மட்டும் பார்த்து நீங்களாக முடிவுகட்ட வேண்டாம், கையேட்டைப் புரட்டுங்கள். வண்டி வாங்கிய அன்றைக்கே பரணில் போட்டிருப்பீர்கள், எடுத்துத் தூசி தட்டுங்கள். அமெரிக்கக்காரர் வீடியோவைப் பார்த்து எண்ணை ஒப்பிடவும் வேண்டாம். அங்கே கணக்கு முறையே வேறு. அவர்களுடைய 87 நம்முடைய 91-க்குச் சமம். அவர்கள் 91-ஐப் பிரீமியம் என்பதைக் கேட்டுக் குழம்பி வந்தவர்களும் உண்டு.

இன்னும் ஒரு விஷயம், பெட்ரோல் தானாகப் பற்றித் தட்டுவதற்குப் பெயர் நாக்கிங், அதைக் கண்டுபிடிக்கிற நாக் சென்சார் நம் ஊரில் ஓடும் பெரும்பாலான பைக்குகளில் கிடையாது. நீங்கள் எந்த பெட்ரோல் ஊற்றினீர்கள் என்பதே இன்ஜினுக்குத் தெரியாது. நீங்கள் கொடுத்த அந்தக் கூடுதல் காசு அதற்கு எப்படித் தெரியும்?

நிஜமாகவே நாக்கிங் வரும் வண்டியும் வரத்தான் செய்கிறது. தகர டப்பாவில் கோலிக்குண்டைக் குலுக்கின மாதிரி, ஏற்றத்தில் திருகும்போது மட்டும் கேட்கும். பாதிப் பேருக்கு அது பெட்ரோலால் வருவதில்லை, கையால் வருகிறது. பின்னால் ஆளை ஏற்றிக்கொண்டு, அஞ்சாவது கியரில் நாற்பதில் மலை ஏறினால் எந்த இன்ஜின்தான் அலறாது? கியரைக் குறைங்க தம்பி. குறைத்தும் சத்தம் நிற்கவில்லை என்றால் உள்ளே கரி படிந்திருக்கலாம், பிளக் தப்பான ரகமாக இருக்கலாம், சூடு கூடியிருக்கலாம். பட்டறைக்குக் கொண்டு வாருங்கள். அதுவரை ஒரு டேங்க் பிரீமியம் அடித்துச் சமாளித்தால் தப்பில்லை. சாதாவையும் பிரீமியத்தையும் கலந்தால் இன்ஜின் வீணாகும் என்பதும் கட்டுக்கதைதான்.

இழுவை கூடும் என்று டேங்கில் பாச்சா உருண்டை போடுகிறவர்களே, உங்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். அதைத் துணி அலமாரியில் போடுங்கள்.

பொழுதுபோக்குக்கு வண்டி வைத்திருக்கிறவர்கள் உண்மையில் பயப்பட வேண்டியது வேறு ஒன்றுக்கு. வண்டியை வீட்டில் நிறுத்திவிட்டு வெளியூர் போய்விடுகிறீர்கள். கோயில் கொடைக்கு வந்து கவரை உருவி உதைக்கிறீர்கள். எத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். உவரி, மணப்பாடு மாதிரிக் கடற்கரை ஊர் என்றால் கேட்கவே வேண்டாம். டேங்கின் அடியில் தண்ணீர் தங்கித் துரு பிடிக்கும். பிரீமியம் ஊற்றி வைத்தால் கெடாது என்கிற எண்ணமும் வேண்டாம், 95-இலும் எத்தனால் உண்டு. ஒரு மாதம் நிறுத்துவதானால் கழுத்துக்கு ஒரு விரல் குறைய நிரப்பி வையுங்கள், உள்ளே காற்றுக்கு இடம் குறையும். அதற்கும் மேல் என்றால் வடித்துவிடுங்கள். பழைய கார்புரேட்டர் புல்லட்டா? பெட்ரோல் குழாயை மூடிவிட்டு, இன்ஜின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டு அப்புறம் பூட்டுங்கள்.

பெட்ரோல் மேலேயே சந்தேகம் என்றால், கலப்படம் பார்க்கப் பல்க்கிலேயே ஃபில்டர் பேப்பர் கேளுங்கள். அளவு சரியா என்று பார்க்க ஐந்து லிட்டர் அளவுப் பாத்திரத்தில் பிடித்துக் காட்டச் சொல்லுங்கள். இரண்டும் உங்கள் உரிமை. "பவர் போடவாண்ணே?" என்று கேட்டுக்கொண்டே துப்பாக்கியைச் சொருகினால், முதலில் மீட்டரைப் பார்த்துவிட்டு "சாதா போடுங்க" என்று வாயைத் திறந்து சொல்லுங்கள். கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

அந்தத் தம்பியின் வண்டிக்குக் கிளட்ச் பிளேட் மாற்றி, ஃபில்டர் புதிதாகப் போட்டு, செயினை இறுக்கிக் கொடுத்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை புளியரையிலிருந்து போன் வந்தது. நாலாவது கியரிலேயே ஏறுகிறதாம். "அண்ணாச்சி, டேங்கில இன்னும் பாதி பிரீமியம் கெடக்கே, என்ன செய்ய?"

ஓட்டித் தீருல.