குலுக்கிய பிறகு ஊற்றுங்கள்: மருந்தின் வடிவமும் அளவும்

வலிப்பு நோய்க்குத் தரப்படும் ஃபெனிட்டாயின், திரவ வடிவிலும் கிடைக்கிறது. நீரில் அது கிட்டத்தட்ட கரையாது. அதனால் நுண்ணிய துகள்களாக்கி, சற்றுக் கெட்டியான திரவத்தில் பரவவிட்டு பாட்டிலில் அடைக்கிறார்கள். அலமாரியில் நின்றிருந்த அந்தப் பாட்டிலைக் குலுக்காமல் ஊற்றினால் முதலில் மேல்பகுதித் திரவம்தான் வரும். அதில் மருந்து குறைவு, வலிப்பு திரும்பலாம். பாட்டில் தீரும் சமயத்தில் அடியில் சேர்ந்ததெல்லாம் ஸ்பூனுக்கு வந்துவிடும்.

ஃபெனிட்டாயின் ரத்தத்தில் லிட்டருக்கு 10 முதல் 20 மில்லிகிராம் வரை இருந்தால்தான் பெரும்பாலோருக்குச் சரியாக வேலை செய்யும். அதைத் தாண்டினால் கண்விழிகள் தானாக ஆடும், நடை தள்ளாடும். போதாக்குறைக்கு, இதைச் சிதைக்கும் கல்லீரலின் திறன் ஒரு கட்டத்தில் உச்சத்தைத் தொட்டுவிடுவதால், உட்கொள்ளும் அளவு கொஞ்சம் கூடினாலே ரத்தத்தில் எதிர்பாராத அளவுக்கு ஏறிவிடும். மருத்துவர் எழுதியது என்னவோ ஒரே அளவுதான். என்னைக் கேட்டால், ‘நன்றாகக் குலுக்கவும்’ என்ற வரியை லேபிளில் மருந்தளவுக்குப் பக்கத்திலேயே, அதே பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும்.

இவ்வளவு சிக்கல் இருக்கும்போது, எல்லாவற்றையும் கரைத்தே கொடுத்துவிட்டால் என்ன? பாராசிட்டமாலை எடுத்துக்கொள்வோம். அறை வெப்பநிலையில் ஒரு மில்லிலிட்டர் நீரில் சுமார் 14 மில்லிகிராம்தான் கரையும். 5 மில்லிலிட்டரில் 250 மில்லிகிராம் வேண்டுமென்றால் ஒவ்வொரு மில்லிலிட்டரிலும் 50 மில்லிகிராம் இருக்க வேண்டும். வேறு கரைப்பான்களைச் சேர்த்துக் கரைக்க முடியும்தான். ஆனால் கரைந்த பாராசிட்டமால் கடும் கசப்பு. கரைந்த மூலக்கூறுகளை மட்டுமே நாக்கு சுவையாக உணரும். துகளாகவே இருப்பது பெரும்பாலும் நாக்குக்குத் தெரியாமல் உள்ளே போய்விடும். குழந்தை துப்பிவிட்ட மருந்தால் யாருக்குப் பயன்? அந்த வகையில் கரையாமல் இருப்பதே இங்கே வசதி.

துகள் எவ்வளவு வேகமாக அடியில் இறங்கும் என்பதற்கு இயற்பியலாளர் ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ் 1851-இல் தந்த சூத்திரம் இன்றும் கைகொடுக்கிறது. வேகம், துகளின் விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. நீரைவிட ஒன்றே கால் மடங்குக்குச் சற்று அதிக அடர்த்தியுள்ள, 10 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள துகள் வெறும் நீரில் 10 சென்டிமீட்டர் இறங்க ஏறக்குறைய ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகும். விட்டத்தைப் பாதியாக்கினால் அதே தூரத்துக்குக் கிட்டத்தட்ட 7 மணி நேரம்.

அப்படியானால் முடிந்தவரை பொடியாக அரைத்துவிட்டால் போதுமே என்று தோன்றும். இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது. ஒன்றையொன்று விலக்கியபடி தனித்தனியாக மிதக்கும் மிக நுண்ணிய துகள்கள் மெதுவாகத்தான் இறங்கும். ஆனால் இறங்கியபின் இடைவெளியே இல்லாமல் நெருக்கமாக அடுக்கப்பட்டு, அடியில் கட்டியாக இறுகிவிடும். அப்புறம் எவ்வளவு குலுக்கினாலும் கலங்காது. மாறாக, உப்பு அல்லது சில பாலிமர்களை அளவாகச் சேர்த்து, துகள்கள் ஒன்றோடொன்று லேசாகப் பற்றிக்கொள்ளும்படி செய்தால் தளர்வான கொத்துகள் உருவாகும். அவை சீக்கிரமே படியும். மேலே தெளிந்த நீர் நிற்கும். பார்க்க அழகாக இருக்காது. ஆனால் அந்தப் படிவு மென்மையானது, சில குலுக்கலில் முழுவதும் கலந்துவிடும். பார்வைக்குத் தெளிந்து நிற்கும் பாட்டிலை மோசமான தயாரிப்பு என்று நினைத்துவிடக் கூடாது. குலுக்கிய பிறகும் அடியில் கட்டி ஒட்டிக்கொண்டிருந்தால்தான் அதைப் பயன்படுத்தாமல் மருந்தாளுநரிடம் காட்ட வேண்டும்.

சாந்தன் கோந்து போன்ற பொருட்களும் இதில் உதவுகின்றன. அவை கலந்த திரவம் சும்மா இருக்கும்போது கெட்டியாக நின்று துகள்களைத் தாங்கும். குலுக்கும்போது இளகி எளிதாக ஊற்ற வரும்.

சில மருந்துகளுக்கு நீரே பகை. பாக்டீரியாத் தொற்றுக்குத் தரும் அமாக்ஸிசிலினின் மூலக்கூறில் நான்கு அணுக்கள் கொண்ட ஒரு வளையம் உண்டு. நீர் அதை மெல்ல உடைத்துவிடும். அதனால்தான் பாட்டிலில் பொடியாக வருகிறது. நீர் சேர்க்கும் முன் பாட்டிலைத் தட்டிப் பொடியை உதிர்த்துவிட்டு, நீரை இரண்டு தவணையாக ஊற்றிக் குலுக்குவது நல்லது. நுரை அடங்கியபின் கோடு வரை நீர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நீர் சேர்த்த நாளிலிருந்து லேபிளில் சொன்ன நாட்களுக்குள் பயன்படுத்திவிட வேண்டும். மிஞ்சியதை அடுத்த காய்ச்சலுக்கு எடுத்துவைப்பது வீண்.

சரி, தோலில் தடவும் மருந்துகளுக்கு வருவோம். தோலின் ஆக மேலடுக்கு 10 முதல் 20 மைக்ரோமீட்டர் தடிமன்தான், ஆனால் பிடிவாதமான தடுப்பு. செங்கற்களைப் போல அடுக்கிய இறந்த செல்கள், நடுவே சாந்தாகக் கொழுப்பு. மருந்து பெரும்பாலும் அந்தக் கொழுப்பின் வழியாக வளைந்து வளைந்துதான் உள்ளே போகிறது. வாசலின் போன்ற அடிப்பொருள் கொண்ட ஆயின்மென்ட், தோலிலிருந்து வெளியேறும் ஈரத்தை அடைத்துவைக்கிறது. ஈரத்தில் ஊறிய அடுக்கு இளகி வழிவிடுகிறது. க்ரீம் என்பது எண்ணெயும் நீரும் கலந்த பால்மம். தடவியதும் நீர் ஆவியாகிவிடும். அதனால் அழற்சியைத் தணிக்கும் ஒரே ஸ்டீராய்டு, ஒரே சதவீதத்தில் இருந்தாலும், ஆயின்மென்ட்டில் பெரும்பாலும் க்ரீமைவிட வலுவாக வேலை செய்கிறது. வறண்டு வெடித்த தோலுக்கு ஆயின்மென்ட், நீர் கசியும் இடத்துக்கு க்ரீம், முடியுள்ள தலைக்கு லோஷன் அல்லது ஜெல் என்று எழுதுவது வழக்கம். இன்னொரு நுணுக்கமும் உண்டு: அடிப்பொருளில் மருந்து மிக நன்றாகக் கரைந்துவிட்டால் அது அங்கேயே தங்கிவிடும், தோலுக்குள் போகாது.

இடமும் முக்கியம். ஹைட்ரோகார்டிசோன் என்ற ஸ்டீராய்டை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 1967-இல் வெளியானது. முன்கையில் உறிஞ்சப்படும் அளவை 1 என்று வைத்தால் நெற்றியில் 6, தாடையோரம் 13, விரைப்பையில் 42. கைக்குப் பரிந்துரைத்த ஸ்டீராய்டை முகத்தில் தடவுகிறவர்கள் இந்த எண்களை ஒருமுறை பார்க்க வேண்டும். எவ்வளவு தடவுவது என்பதற்கும் எளிய அளவு இருக்கிறது: 5 மில்லிமீட்டர் வாயுள்ள டியூபிலிருந்து, பெரியவரின் ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கினால் சுமார் அரை கிராம். விரல்களோடு சேர்த்து இரண்டு உள்ளங்கைப் பரப்புக்கு அது போதும்.

பேட்ச் ஒட்டுவது வேறு கதை. அங்கே மருந்து தோலைத் தாண்டி ரத்தத்துக்கே போக வேண்டும். மூலக்கூறு எடை 500 டால்டனுக்குக் கீழே, கொழுப்பிலும் ஓரளவு நீரிலும் கரைவது, மிகச் சிறிய அளவிலேயே வேலை செய்வது என்ற நிபந்தனைகளுக்குள் அடங்கும் மருந்துகள் சொற்பம். 1979-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஸ்கோபோலமின் பேட்ச், பயணக் குமட்டலுக்காகக் காதின் பின்புறம் ஒட்டப்படுவது. மூன்று நாளில் மொத்தமாகத் தருவதே 1 மில்லிகிராம்தான். விழுங்கும் மருந்து குடலிலிருந்து நேராகக் கல்லீரலுக்குப் போய் அங்கேயே ஒரு பங்கை இழக்கும். பேட்ச்சில் அந்த இழப்பு இல்லை.

கடும் வலிக்குத் தரும் ஃபெண்டனில் பேட்ச்சில் மட்டும் மிகுந்த கவனம் தேவை. ஒட்டியதும் வலி குறையாது. மருந்து முதலில் தோலில் சேர்ந்து, அங்கிருந்துதான் மெல்ல ரத்தத்துக்குப் போகிறது. அதே காரணத்தால், கழற்றிய பிறகும் பல மணி நேரம் உடலுக்குள் போய்க்கொண்டிருக்கும். சூடான ஒத்தடமோ கடும் காய்ச்சலோ தோலின் வெப்பத்தைக் கூட்டினால் மருந்து வேகமாக உள்ளே இறங்கி, மூச்சையே அடக்கிவிடலாம். மூன்று நாள் ஒட்டிக் கழற்றிய பேட்ச்சிலும் ஒரு குழந்தையைக் கொல்லும் அளவுக்கு மருந்து மிஞ்சியிருக்கும்; அதை எடுத்து வாயில் வைத்தும் உடம்பில் ஒட்டிக்கொண்டும் குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். கழற்றியவுடன் ஒட்டும் பக்கம் உள்ளே இருக்கும்படி இரண்டாக மடித்து, உறையில் உள்ள குறிப்பின்படி உடனே அப்புறப்படுத்த வேண்டும். மேசைமேல் வைத்துவிட்டு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக் கூடாது.