டெபியூ ஆல்பம்: முதல் இசைத்தொகை

ஒரு இசைக்குழுவோ தனிக் கலைஞரோ முதன்முதலாக வெளியிடும் முழுநீளப் பாடல் தொகுப்பு டெபியூ ஆல்பம். டெபியூ என்பது பிரெஞ்சிலிருந்து வந்த சொல், தொடக்கம் என்று பொருள். கடைசி 'ட்' ஒலிக்காது என்பதால் 'டெபுட்' என்று எழுதுவது பிழை.

ஆல்பம் இலத்தீன் சொல், வேர்ப்பொருள் வெள்ளை. பண்டைய ரோமில் வெள்ளை பூசிய பலகையில் அரசு அறிவிப்புகளை எழுதி வைத்தார்கள். அந்தப் பலகைதான் முதல் ஆல்பம். பிற்காலத்தில் நண்பர்களிடம் கையெழுத்து வாங்கும் வெற்றேட்டுக்கும், 19ஆம் நூற்றாண்டில் ஒளிப்படம் செருகும் ஏட்டுக்கும் அதே பெயர் ஆனது. இசைக்கு வந்த வழி சுவையானது. நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பத்து அங்குல அரக்கு இசைத்தட்டில் பக்கத்துக்குச் சுமார் 3 நிமிடம்தான் கொள்ளும். நீண்ட இசைக்குப் பல தட்டுகள் தேவைப்பட்டன. அவற்றை உறைகளில் செருகி, படஏடு போல ஒன்றாகக் கட்டி விற்றார்கள். 1948இல் கொலம்பியா நிறுவனம் 33⅓ சுழற்சி நெடுந்தட்டைக் கொண்டுவந்தது. பக்கத்துக்கு 20 நிமிடத்துக்கு மேல் பதிவானதால் ஒரே தட்டு போதுமானது. ஏடு மறைந்தும் பெயர் ஒட்டிக்கொண்டது.

தமிழில் இதற்குப் பெயர் தேடி அலைய வேண்டியதில்லை. தனியே நின்று பொருள் முடியும் செய்யுளை முத்தகம் என்றும், பல பாட்டுகள் சேர்ந்ததைத் தொகைநிலை என்றும், ஒன்றோடொன்று தொடர்ந்து செல்வதைத் தொடர்நிலை என்றும் தண்டியலங்காரம் என்ற அணியிலக்கண நூல் பிரிக்கிறது. சிங்கிள், ஆல்பம், ஒரே கருவில் தொடரும் ஆல்பம் என்ற பிரிவுக்கு இது அப்படியே பொருந்துகிறது. எனவே தனிப்பாடல், இசைத்தொகை, இசைக்கோவை என்பவையே நல்ல சொற்கள். திரைப்படத்தில் சேராத ஒற்றைப் பாடலை 'ஆல்பம் சாங்' என்கிறோமே, அது தனிப்பாடல்தான்.

டெபியூவுக்கு 'முதல்' போதும். 'அறிமுகத் தொகுப்பு' என்றால் குழுவை அறிமுகப்படுத்தும் மாதிரித் தொகுப்போ என்ற ஐயம் எழும். 'அரங்கேற்றம்' அவைமுன் நிகழ்வது, ஒலிப்பதிவுக்கு ஒட்டாது.

எது முதல் என்பதிலும் கவனம் தேவை. நான்கைந்து பாடல் கொண்ட குறுந்தட்டு (இ.பி.) கணக்கில் வராது. குழுவின் பெயர் மாறினால் கணக்கும் புதிதாகத் தொடங்கும். மரூன் 5 என்ற அமெரிக்க பாப் ராக் குழுவின் முதல் இசைத்தொகை 2002இல் வந்த 'சாங்ஸ் அபௌட் ஜேன்'. ஆனால் அக்குழுவின் நால்வர் 1997இலேயே காராஸ் ஃபிளவர்ஸ் என்ற பெயரில் ஒரு தொகை வெளியிட்டிருந்தார்கள். அது விலைபோகவில்லை. புதிய கிதார் கலைஞர் சேர்ந்து, பெயரும் மாறிய பின் வந்ததே முதல் என எண்ணப்படுகிறது. அதன் வெற்றியும் மெதுவாகத்தான் வந்தது: பிரிட்டனில் முதலிடம் 2004இல், சிறந்த புதுக்கலைஞருக்கான கிராமி இசை விருது 2005இல்.

விற்பனை வெற்றியைத் தமிழில் எழுதும்போது நேரும் பிழை ஒன்று. கோல்டு, பிளாட்டினம் என்பவை ஆல்பத்தின் விற்பனை அளவுக்குத் தரும் சான்றிதழ்கள். அமெரிக்காவில் கோல்டுக்கு 5 லட்சம், பிளாட்டினத்துக்கு 10 லட்சம் விற்க வேண்டும். பிரிட்டனில் பிளாட்டினத்துக்கு 3 லட்சமே. நாட்டைச் சொல்லாமல் 'பிளாட்டினம் பெற்றது' என்றால் அளவு விளங்காது. 2016 முதல் அமெரிக்கச் சான்றிதழில் 1,500 முறை இணையத்தில் கேட்கப்பட்டதும் ஒரு ஆல்பமாக எண்ணப்படுகிறது. அதனால் அதற்குப் பிந்திய சான்றிதழ்களுக்குப் 'பிரதிகள் விற்றன' என்று எழுதாமல் 'அலகுகள்' என்றே எழுத வேண்டும்.